மூன்று மணிக்கு எந்தக் கோயில் திறந்திருக்கும்?

சாவு வீட்டுக்கு வருகிறவர்களில் பல வகையினர் உண்டு. வாசலில் அழுகையைத் தொடங்கி, உள்ளே போய் முடித்து, வெளியே வந்து தேநீர் கேட்கிறவர்கள் ஒரு வகை. யாரும் சொல்லாமலே கூடாரத்தை இழுத்துக் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, கடைசி ஆள் போன பிறகு அவற்றை அடுக்கியும் வைத்துவிட்டுப் போகிற புண்ணியவான்கள் ஒரு வகை. தலையைக் காட்டிவிட்டு, கையில் ஒரு பாக்கெட் பானத்தோடு நழுவுகிறவர்கள் இன்னொரு வகை. இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. இங்கே சொல்ல வந்தது வேறொரு வகையைப் பற்றி. இவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அங்கே கிடக்கும் மற்றச் செருப்புகளையும் ஒரு பார்வை பார்த்து, யார் வந்தாகிவிட்டது, யார் இன்னும் வரவில்லை, வரக்கூடாத யார் வந்திருக்கிறார் என்று கண்டுகொள்வார்கள். மாலை சாத்தும்போது இறந்தவரின் முகத்தைவிடச் சுற்றி நிற்பவர்களின் முகங்களையே அதிகம் பார்ப்பார்கள். பத்திரிகையில் 'அமைதியாகக் கண்மூடினார்' என்று போட்டிருந்தால், மூடிவிட்டது யார் என்று யோசிப்பார்கள். இவர்கள் அகராதியில் இயற்கை மரணம் என்று ஒன்று கிடையாது. இன்னும் விசாரிக்கப்படாத மரணம்தான் உண்டு.

சாவு வீட்டுத் துப்பறிவாளர் என்று இந்த இனத்துக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, யாரும் அழைப்பதும் கிடையாது. ஆனாலும் ஒரு சொந்தக்காரர் சாவையும் தவறவிட மாட்டார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் அதைச் சுற்றியுள்ள வட்டாரத்திலும் அந்தப் பொறுப்பை அறுபத்திரண்டு வயதுத் தங்கமணி வகித்துவந்தார்.

தங்கமணி ஓர் அரசு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் முப்பத்தொரு வருடம் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். நோயாளிகளின் கோப்புகளை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி அடுக்குவதும்தான் வேலை. யாரையும் பரிசோதித்ததில்லை, ஆனால் 'மரணத்துக்கான காரணம்' என்ற கட்டத்தை ஆயிரக்கணக்கான தாள்களில் பார்த்தவர். அந்தக் கட்டம் மிகச் சிறியது, ஒரு மனிதனின் சாவு அதற்குள் அடங்காது என்பது அவருடைய நீண்ட நாள் கருத்து. ஓய்வு பெற்ற பிறகு குடும்ப மர்ம நாவல்களில் இறங்கினார். அந்த நாவல்களின் போக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பெரிய வீடு இருக்கும். அதில் எல்லோரும் ரொம்ப நல்லவர்களாக இருப்பார்கள். முதல் அத்தியாயத்தில் ஒருவர் தேநீர் குடிப்பார். இரண்டாம் அத்தியாயத்தில் அவர் இருக்க மாட்டார். மூன்றாம் அத்தியாயத்திலிருந்து அந்த வீட்டு அலமாரிகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்.

தங்கமணி நாற்பதாம் பக்கத்தில் கொலைகாரர் யார் என்று முடிவு செய்து, பெயரைப் பென்சிலால் பின்னட்டையின் உட்புறம் எழுதிவிடுவார். கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் வேறு ஆள் பிடிபடும். அதனால் அவர் மனம் தளர்ந்ததே இல்லை. "எழுதினவரு கடைசியில பயந்துட்டாரு" என்று சொல்லி அடுத்த புத்தகத்தை எடுத்துவிடுவார். கணவர் பாலன் சாப்பிடும்போது இருமினால், தண்ணீர் கொடுப்பதற்கு முன்பு, வெளியில் யார் வீட்டில் என்ன சாப்பிட்டார் என்று விசாரிப்பார். பாலன் இருமலை அடக்கப் பழகிக்கொண்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கிள்ளானிலிருந்து போன் வந்தது. பேசியது விஷ்ணுப்ரியா; தங்கமணியின் ஒன்றுவிட்ட அக்காள் இராஜம்மாவின் ஒரே மகள். காஜாங்கில் ஆசிரியை.

"சித்தி, அப்பா போயிட்டாரு. மூணு, மூணரை மணி இருக்கும். நாற்காலியில உக்காந்தபடியே. ஹார்ட்டு அட்டாக்காம்."

தங்கமணி உண்மையாகவே அழுதார். அதை மறைக்கக் கூடாது. அத்தான் கமலநாதனை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். முப்பத்தைந்து வருடம் லோரி ஓட்டிய மனிதர். டுரியான் பருவம் வந்தால் ரவூப் பக்கமிருந்து வரும் வழியில் பிரிக்பீல்ட்ஸுக்கு வண்டியைத் திருப்பி, கீழே நின்று ஹாரன் அடித்து, ஒரு கூடைப் பழத்தை இறக்கி வைத்துவிட்டுப் போவார். மாடிக்கு வா என்றாலும் வரமாட்டார். அந்த ஹாரன் சத்தத்தை நினைத்து நினைத்துத் தங்கமணி அழுதார். அழுகையின் நடுவில் மூக்கைத் துடைத்துக்கொண்டே பாலனிடம் கேட்டார்:

"ஏங்க, தினமும் காலையில திடலை நாலு சுத்து சுத்துற மனுஷன். எப்படிங்க திடீர்னு?"

பாலனுக்கு அந்தக் குரல் பழக்கமானது. மறுநாள் காலை பெடரல் நெடுஞ்சாலையில் மைவி காரை ஓட்டிக்கொண்டே அவர் கெஞ்சிப் பார்த்தார்.

"தங்கம், டாக்டர் பார்த்தாச்சு. வீட்டுல நடந்த சாவுன்னு போலீசும் வந்து பார்த்துட்டு பெர்மிட் கொடுத்தாச்சு. எழுபத்தோரு வயசு. நீ போ, அழு, அக்காவைக் கட்டிப்பிடி, வா. அவ்வளவுதான் நம்ம வேலை."

"நான் என்னமோ விசாரணை பண்ணப் போற மாதிரி பேசறீங்க" என்று தங்கமணி கோபித்துக்கொண்டு, கைத்தொலைபேசியில் குறிப்பெழுதும் பக்கத்தைத் திறந்து, மேலே 'அத்தான்' என்று தலைப்பிட்டார்.

கிள்ளானில் மேரு சாலைப் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் இராஜம்மாவின் வீடு. தெருவை அடைத்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. உள்ளே கமலநாதன் வெள்ளை வேட்டி சட்டையில், இப்போதுதான் ஏதோ கேலி சொல்லி முடித்தவர் போல் படுத்திருந்தார். தலைமாட்டில் இராஜம்மா. தங்கமணி ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார். இராஜம்மா அழவில்லை. கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. "வந்துட்டியா, சாப்பிட்டியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

முதல் குறிப்பு பதிவாயிற்று.

இந்த இனத்தின் திறமையே இதுதான். ஆறுதல் சொல்வது போலவே விசாரிப்பார்கள். கையைப் பிடித்துக்கொள்வார்கள், முதுகைத் தடவுவார்கள், கண்ணைத் துடைத்துவிடுவார்கள், அதே மூச்சில் எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். பதில் சொல்கிறவர் தாம் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருப்பதை அறியவே மாட்டார். அடுப்படியில் காப்பி கலக்கிக்கொண்டிருந்த விஷ்ணுப்ரியாவுக்கு உதவி செய்யப் போன தங்கமணி, பத்து நிமிடத்தில் இரண்டு விஷயங்களோடு வெளியே வந்தார். இராஜம்மா அந்த நேரத்தில் வீட்டில் இல்லை; கோயிலுக்குப் போயிருந்தாராம். திரும்பி வந்து பார்த்தபோதுதான் அத்தான் நாற்காலியில் சாய்ந்திருந்தாராம். பக்கத்தில் அவர் தேநீர் குடித்த கிளாஸ்?

"அதை அம்மா கழுவி வச்சிட்டாங்க சித்தி. டாக்டர்கூட கேட்டாரு, ஏதாச்சும் குடிச்சாரான்னு."

கழுவி வைத்துவிட்டார்! நாவல் படிக்கிறவர்களுக்குத் தெரியும், புருஷன் உயிரில்லாமல் கிடக்கும்போது கிளாஸ் கழுவுகிற பெண்டாட்டி எந்த அத்தியாயத்தில் வருவாள் என்று.

கூடாரத்துக்கு வந்து பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அம்மா, "பாவம் லா, இராஜம்மா அந்த நேரம் பாசாருக்குப் போயிருக்கு. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை அதுதான் போவும்" என்றார்.

கோயிலா, சந்தையா? தங்கமணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் அந்த மின்னல் வெட்டியது. மூன்று மணிக்கு எந்தக் கோயில் திறந்திருக்கும்? உச்சிப் பூசை முடிந்து நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். சாமியே தூங்குகிற நேரத்தில் அக்காளுக்குக் கோயிலில் என்ன வேலை?

இதற்குப் பிறகு வீடு முழுக்கத் தடயமாகவே தெரிந்தது. இராஜம்மா ஒருமுறை எழுந்து அடுப்படிக்குப் போய், இடுப்பில் செருகியிருந்த மெல்லிய புத்தகம் ஒன்றை அரிசி டின்னுக்குள் தள்ளி மூடியதைத் தங்கமணி கதவிடுக்கில் பார்த்தார். உயிலா? கடிதக் கட்டா? பதினொரு மணி வாக்கில் இன்னொன்று. வாசல் கேட்டுக்கு வெளியே, கூடாரத்துக்குள் வராமல், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தாள். கருப்புக் கால்சட்டை, முழுக்கைச் சட்டை, வெயிலில் கறுத்த கைகள். சொந்தக்காரர்கள் யாருக்கும் அவளைத் தெரியவில்லை. அவளைப் பார்த்த கணத்தில் இராஜம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புருஷனுக்கு ரகசியமாக ஒரு குடும்பம். பெண்டாட்டிக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு கிளாஸ் தேநீர். கழுவி வைத்த கிளாஸ். கதை முடிந்தது. இது நாற்பதாம் பக்கம்கூட இல்லை, இருபத்தைந்துதான். தங்கமணி பென்சில் தேடவில்லை, அவ்வளவுதான் குறை.

அவர் இதைத் தம்மோடு வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் இந்த இனத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. கண்டுபிடித்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன் என்ற பழியும் வேண்டாம். அதற்காகவே அவர்களிடம் ஒரு வாக்கியம் உண்டு. "நான் ஒண்ணும் சொல்லல, கேக்குறேன்." இந்த ஒரு வாக்கியத்தால் நம் சமூகத்தில் எத்தனை குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருக்கின்றன என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

தங்கமணி கேட்டது கார்த்திகேசுவிடம். கமலநாதனின் அண்ணன், எழுபத்தைந்து வயது. தம்பியோடு இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையில் தம் பெயர் தம்பி பெயருக்குக் கீழே அச்சாகியிருந்ததுதான் காரணம். இன்று காலை வந்ததிலிருந்து யார் பக்கத்திலும் உட்காராமல் கூடாரத்தின் ஓரத்தில் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று தங்கமணி கவனித்திருக்கலாம். தடயங்களைப் பார்க்கிறவருக்கு மனிதர்களைப் பார்க்க நேரம் ஏது?

"அண்ணே, நான் ஒண்ணும் சொல்லல, கேக்குறேன். நேத்து மூணு மணிக்கு அக்கா கோயிலுக்குப் போனாங்களாம். அந்த நேரத்துல எந்தக் கோயில் தொறந்திருக்கும்?"

கார்த்திகேசு துண்டை முறுக்குவதை நிறுத்தினார்.

"அத்தான் டீ குடிச்ச கிளாஸையும் உடனே கழுவிட்டாங்களாம். சும்மா மனசுல பட்டுச்சு. அதோ கேட்டுப் பக்கம் நிக்குறாங்களே, அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

அவ்வளவுதான் பேசினார். எழுந்து போய் ஒரு காப்பியும் குடித்தார். வேலையைச் சரியாகச் செய்து முடித்த நிறைவு.

ஒன்றே முக்கால் மணிக்கு உறுமி மேளம் வந்து நின்றது. சடங்குகள் முடிந்து, நான்கு பேர் தூக்கக் குனிந்த நேரத்தில், கார்த்திகேசு இரண்டு கைகளையும் விரித்து நடுவில் வந்து நின்றார்.

"யாரும் தொடக்கூடாது! என் தம்பி எப்படிச் செத்தான்னு தெரியாம பாடி இந்த வீட்டை விட்டுப் போவாது. போஸ்ட்மார்ட்டம் பண்ணணும். போலீசுக்கு நான் போன் போடறேன்."

மேளம் நின்றது. கூடாரத்தில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"பெரியப்பா, என்ன பேசறீங்க?" விஷ்ணுப்ரியாவின் குரல் உடைந்தது. "போலீஸ் நேத்தே வந்துட்டுப் போயாச்சு லா."

"உங்கம்மாவைக் கேளு! மூணு மணிக்கு எந்தக் கோயில்ல இருந்தாங்கன்னு கேளு. எதுக்கு அவசர அவசரமா கிளாஸைக் கழுவினாங்கன்னு கேளு. நான் இருக்கேன் அவனுக்கு. கேக்க ஆள் இல்லன்னு நினைச்சிட்டீங்களா?"

நாவலில் இது எவ்வளவு சுவையான இடம்! தங்கமணி இப்படிப்பட்ட பக்கங்களில் காலை நாற்காலி மேல் மடக்கி வைத்துக்கொண்டு, தேநீர் ஆறுவதுகூடத் தெரியாமல் படிப்பார். ஆனால் போஸ்ட்மார்ட்டம் என்றால் என்னவென்று அந்தக் கூட்டத்தில் அவருக்குத்தான் சரியாகத் தெரியும். அந்தத் தாள்களை அடுக்கியவர் அவர். பிணவறைக்கு வெளியே நீளப் பெஞ்சில், யாரோடும் பேசாமல் மணிக்கணக்கில் காத்துக் கிடந்த குடும்பங்களின் முகங்கள் அவருக்கு நினைவிருந்தன. அந்தப் பெஞ்சில் இப்போது இராஜம்மாவும் விஷ்ணுப்ரியாவும் உட்கார வேண்டும். உள்ளே, டுரியான் கூடையோடு கீழே நின்று ஹாரன் அடிக்கிற அத்தான்.

"அண்ணே, நான் சும்மாதாண்ணே கேட்டேன்" என்று முன்னால் ஓடினார். "சும்மா ஒரு பேச்சுக்கு..."

"நீ சரியாத்தான்மா கேட்டே!" என்று கார்த்திகேசு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

நூறு கண்கள் தங்கமணி பக்கம் திரும்பின. அவற்றில் பாலனின் கண்களும் இருந்தன. அந்த இரண்டை மட்டும் தங்கமணியால் பார்க்க முடியவில்லை.

இராஜம்மா மெதுவாக எழுந்தார். வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார், படுத்திருந்த கணவரைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். அந்த மௌனத்தைப் பார்த்துக் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

அப்போது கேட்டுக்கு வெளியே நின்ற பெண், கூட்டத்தை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"மூணு மணிக்கு அவங்க என்கூட இருந்தாங்க" என்றாள்.

"நீ யாரு?" என்றார் கார்த்திகேசு.

"என் பேரு வீரம்மா. கார் ஓட்டக் கத்துக்கொடுக்கறவ. பேரு எழுதின வண்டியக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்துனா ஆன்டி ரகசியம் வெளிய தெரிஞ்சிடும்னு ரெண்டு தெரு தள்ளி விட்டுட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை ரெண்டரையிலேருந்து நாலு ஆன்டிக்குக் கிளாஸ். நேத்து ரிவர்ஸ் பார்க்கிங். ஒரு கம்பத்தைச் சாய்ச்சிட்டாங்க. வேற ஒண்ணையும் இடிக்கல."

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

விஷ்ணுப்ரியா, "அம்மா, நீங்க கார் ஓட்டறீங்களா?" என்றாள். தந்தை இறந்த செய்தியைவிட இதுதான் அவளை அதிகமாக உலுக்கியது போலிருந்தது.

இராஜம்மா முகத்தை மூடிக்கொண்டு பேசினார். "அவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. எதிர்ல வர்ற லோரிகூடத் தெரியாது. ஓட்டாதீங்கன்னு சொன்னா, முப்பத்தஞ்சு வருஷம் ஓட்டினவனுக்கு நீ சொல்றியான்னு சண்டைக்கு வருவாரு. கத்துக்கறேன்னு சொன்னா, நான் இருக்கும்போது உனக்கு எதுக்கும்பாரு. லைசென்ஸை எடுத்துட்டு ஒரு நாள் சாவியைப் புடுங்கி வச்சிக்கலாம்னு இருந்தேன். லைசென்ஸ் பரீட்சைப் புத்தகத்தைக்கூட அரிசி டின்னுலதான் ஒளிச்சு வச்சேன்..." மூச்சு வாங்கிக்கொண்டார். "நேத்து வந்தேன். தூங்கறாருன்னு நினைச்சேன். சத்தம் போடாம கிளாஸை எடுத்துக் கழுவி வச்சேன். அப்புறம்தான் எழுப்பினேன். நான் கூட இருக்க வேண்டிய நேரத்துல, அவர்கிட்ட பொய் சொல்லிட்டு ரோட்டுல இருந்தேன். இதை நான் எப்படி வெளிய சொல்றது?"

"ஆன்டி" என்றாள் வீரம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்கிளுக்குத் தெரியும்."

இராஜம்மா கைகளை முகத்திலிருந்து எடுத்தார்.

"மூணு வாரம் முன்னாடி எங்க ஆபீசுக்கு வந்தாரு. 'என் வீட்டம்மா உங்ககிட்டதானே கத்துக்குது?'ன்னாரு. நான் முழிச்சேன். அவரே சொன்னாரு. 'டிவி பார்க்கும்போது அவ இடது கால் தரையைப் போட்டு அமுக்கிக்கிட்டே இருக்கு. அது கிளச்சுன்னு எனக்குத் தெரியாதா? ரொம்ப சீக்கிரம் விடறா. அவ ஒரு அவசரக்காரி. மெதுவா விடச் சொல்லிக் கொடுங்க. ஹைவேல இப்ப ஏத்தாதீங்க. பாஸ் பண்ணட்டும், நானே சாவியைக் கொடுத்துட்டுப் பின்னால ஏறி உக்காந்துக்கறேன். அதுவரைக்கும் நான் வந்துட்டுப் போனதைச் சொல்லாதீங்க.' இவ்வளவுதான் ஆன்டி. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் காலையிலேருந்து நிக்குறேன். எப்படி உள்ள வர்றதுன்னு தெரியல."

முப்பத்தொரு வருட அனுபவமும் நூற்றுக்கணக்கான நாவல்களும் உள்ள தங்கமணி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத ரகசியத்தை, கண்ணில் புரை விழுந்த ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்டுபிடித்து, வாயைத் திறக்காமலும் இருந்திருக்கிறார்.

"அவசரக்காரின்னா சொன்னாரு?" என்று இராஜம்மா கேட்டார். திரும்பிக் கணவரைப் பார்த்தார். "என்னையா அவசரக்காரிங்கறீங்க? யாரு இப்ப அவசரப்பட்டுப் போனது?" என்றார். அப்படியே அவர் நெஞ்சின் மேல் விழுந்தார். நேற்று மாலையிலிருந்து வராத அழுகை மொத்தமும் அப்போதுதான் வந்தது. விஷ்ணுப்ரியா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அழுதவர்களில் பாதிப்பேர் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள்.

கார்த்திகேசு கைகளை இறக்கினார். தம்பியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். "ரெண்டு வருஷம்டா... ஒரு பேரு கீழ இருந்துச்சுன்னு" என்றார். கோபித்துக்கொள்ள ஒரு கொலைகாரர் கிடைத்திருந்தால் அவருக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இராஜம்மாவைப் பார்த்துக் கைகூப்பி, "மன்னிச்சிடும்மா" என்றார். பிறகு மேளக்காரர்களுக்குத் தாமே தலையசைத்தார். இரண்டு மணிக்கு எடுக்க வேண்டியது இரண்டே முக்காலுக்குக் கிளம்பியது. சிம்பாங் லீமா மின்சுடலை வரைக்கும் அண்ணன் தம்பியின் பக்கத்தை விட்டு நகரவில்லை.

திரும்பும் வழியில் பாலன் சுபாங் தாண்டும்வரை சாலையையே பார்த்து ஓட்டினார். தங்கமணியும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. ஒரு தடவை கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். இந்த மனுஷி திருந்திவிட்டாள் என்று பாலன் மனம் இளகி, ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயெடுத்த நேரத்தில் தங்கமணி சொன்னார்:

"ஆனா அந்த வீட்டுல ஒரு ரகசியம் இருந்துச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க."

பாலன் வானொலியைத் திறந்தார்.

எட்டாம் நாள் தங்கமணி மட்டும் ரயிலேறிக் கிள்ளான் போனார். மன்னிப்புக் கேட்க நான்கைந்து வாக்கியங்களை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். இராஜம்மாவின் எதிரில் உட்கார்ந்ததும் ஒன்றும் வரவில்லை. "அக்கா" என்றார். அதற்கு மேல் அழுகைதான்.

"அழாதே" என்றார் இராஜம்மா. "நீ அன்னைக்கு ஊரைக் கூட்டலன்னா அந்த வீரம்மா கேட்டோட அழுதுட்டுத் திரும்பிப் போயிருக்கும். அவருக்குத் தெரியும்கிறது எனக்குச் சாகற வரைக்கும் தெரியாம போயிருக்கும். பொய் சொல்லி அனுப்பிட்டேன்னு நினைச்சே வெந்திருப்பேன்." தங்கமணியின் கண்ணைத் துடைத்துவிட்டார். "அதுக்காக நீ பண்ணது சரின்னு நினைச்சிக்காதே. அடுத்த தடவை நம்ம குடும்பத்துல யாராச்சும் போனா, நீ வீட்டுலயே இருந்து புக்கு படி. பதினாறாம் நாளைக்கு வந்தா போதும்."

தங்கமணி தலையாட்டினார். இனி இப்படிப்பட்ட வேலை கிடையாது என்று மனத்துக்குள் சத்தியமும் செய்துகொண்டார். கையிலிருந்த நாவலைக்கூட ரயில் நிலையத்தில் பாதியில் மூடினார். அந்தச் சத்தியம் ஐந்து வாரம் நின்றது. இந்த இனத்துக்கு அது சாதனை.

இராஜம்மா இரண்டாம் முயற்சியில் லைசென்ஸ் எடுத்தார். முதல் முயற்சியில் கிளச்சைச் சீக்கிரம் விட்டுவிட்டாராம். இப்போது கணவரின் பழைய காரில் கார்த்திகேசுவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போவதும் கூட்டிவருவதும் அவர்தான். கார்த்திகேசு பின் இருக்கையில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு கண்ணை மூடிக்கொள்கிறார்.

ஆறாவது வாரம் பிரிக்பீல்ட்ஸில், தங்கமணியின் மாடிக்கு மேல்மாடியில், எண்பத்தெட்டு வயதுச் சபாபதி காலமானார். எட்டு மாதமாகப் படுக்கை. மூன்று முறை மருத்துவமனை. இரண்டு முறை உறவினர்களை வரவழைத்து ஏமாற்றியவர். தங்கமணி முகம் கழுவி, வெள்ளைச் சேலை உடுத்தி, நல்லபடியாகத்தான் மேலே போனார். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மாலை சாத்தி, கும்பிட்டு, இறங்கி வந்தார். பாலன் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

"ஏங்க" என்றார் தங்கமணி. "எண்பத்தெட்டு வயசுல, நல்லாத்தானே இருந்தாரு?"

பாலன் இருமினார். அடக்க மறந்துவிட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்களிடம் ஒரு வார்த்தை. நாளைக்கோ மறுநாளோ உங்களுக்கும் ஒரு சாவுச் செய்தி வரும். எப்படி ஆச்சு என்று கேட்பீர்கள்; கேட்பதுதான் முறை. மாரடைப்பு என்பார்கள். அதற்கு நீங்கள் "அடடா" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழும், பாருங்கள். ஒரு விநாடிதான், எதிரில் இருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அந்த ஒரு விநாடியில் உங்கள் மனம் அந்த வீட்டுக்குள் நுழைந்து எந்தெந்தக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தது என்று இங்கே யாரும் உங்களை விசாரிக்கவில்லை. சும்மா கேட்கிறோம், அவ்வளவுதான்.